டீச்சர் எப்ப சாப்பிடுவாங்க?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021-ல் ஒரு ஸ்டூல் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. செப்டம்பர் மாதம் சட்டசபையில் மசோதா கொண்டுவந்து, 1947-ம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்த பிறகு கிடைத்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வந்தால் உட்கார இருக்கை இருக்க வேண்டும், நாள் பூராவும் காலில் நிற்க வைக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளா 2018-லேயே செய்துவிட்ட காரியம். நாம் மூன்று வருஷம் லேட்.

எல்லாக் கடையிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, போட்ட ஸ்டூலில் உட்கார விடுகிறார்களா என்பது தனிக் கதை. ஆனால் கேட்பதற்கு அந்தப் பெண்ணிடம் ஒரு பிரிவு எண் இருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றையும் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் ஒரகடத்தில் கார் செய்கிற தொழிலாளிக்கும் 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே அரை மணி இடைவேளை எழுத்தில் உண்டு.

புடவையை விரித்துக் காட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒரு மகள் இருக்கிறாள், நாலாங்கிளாஸ் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சருக்கு இப்படி ஒரு பிரிவு எண் உண்டா? தேடிப் பார்த்தேன். குழந்தைக்கு இடைவேளை உண்டு. மணி அடிக்கிறது, ஓடுகிறது, விளையாடுகிறது. அந்த நேரத்தில் டீச்சர் என்ன செய்கிறார் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

பிள்ளையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு தனியார் மெட்ரிக் பள்ளிக்குப் போய்வரும் டீச்சரிடம் பேசினேன். "பேரு, ஸ்கூல் பேரு எதுவும் போட்டுடாதீங்க சார்" என்றுதான் ஆரம்பித்தார். காலை எட்டரைக்கு உள்ளே போக வேண்டும். ப்ரேயர் டியூட்டி. எட்டு பீரியடில் ஏழு இவருடையது. பத்து நிமிஷ இன்டர்வெலில் வராண்டா டியூட்டி. மதியம் நாற்பது நிமிஷம் சாப்பாட்டு நேரம். அதில் முதல் இருபது நிமிஷம் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி திறக்க வராதவனுக்குத் திறந்து, சிந்தியவனைத் துடைத்து, கை கழுவ அனுப்பி முடித்தால் ஒரு அம்மா வந்து கேட்டில் நிற்பார். "ஒரு நாள் ஒரு வாண்டு கேட்டுச்சு சார், 'மிஸ், நீங்க எப்ப சாப்பிடுவீங்க?'ன்னு. மூணாவது பீரியட்ல போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே எனக்குப் பசிக்க ஆரம்பிச்சிரும்."

அடுத்து அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "தண்ணியே குடிக்கறதில்ல சார். குடிச்சா போகணும்ல? ஸ்டாஃப் டாய்லெட் கீழ இருக்கு, என் கிளாஸ் ரெண்டாவது மாடி. கிளாஸை விட்டுட்டு இறங்கினா, அந்த நேரம் பார்த்து எவனாவது எவனையாவது தள்ளி விட்டா யார் பதில் சொல்றது?" ஒரே வருஷத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று. டாக்டர் சொன்ன வைத்தியம் நிறையத் தண்ணீர் குடிப்பது, அடக்கி வைக்காமல் இருப்பது. டாக்டர் ஸ்கூல் டைம்டேபிளைப் பார்க்கவில்லை.

அரசுப் பள்ளியில் நிலைமை வேறு மாதிரி. காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதை இரண்டு கையாலும் வரவேற்பவன் நான். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. ஆனால் வரிசையில் உட்கார வைப்பதும், சின்னதுகளுக்குக் கை கழுவிவிடுவதும் யார்? மதியச் சாப்பாட்டை ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவது யார்? 2013-ல் பீகாரில் சத்துணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்த பிறகு இந்த ருசி பார்க்கும் விஷயத்தில் கண்டிப்பு கூடியது. நியாயம்தான். அதன் பிறகு எமிஸ். வருகைப் பதிவிலிருந்து பிள்ளையின் உயரம் எடை வரைக்கும் செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஹெட்மாஸ்டரைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். உள்ளே இரண்டு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆசிரியர்கள் நடுவே ஒரு வார்த்தை புழங்குகிறது. வகுப்பில்லாத பீரியடுக்கு 'லெஷர்' என்று பெயர். "இன்னிக்கு எனக்கு ஒரே ஒரு லெஷர்தான்" என்பார்கள். லெஷர் என்றால் உல்லாசம், பொழுதுபோக்கு. அந்த நேரத்தில் நடப்பது என்ன? நாற்பது நோட்டு திருத்துவது, நாளைய பாடத்துக்குக் குறிப்பு எழுதுவது, மார்க் ஏற்றுவது. எந்த மகானுபாவன் இந்தப் பெயரை வைத்தானோ, நிர்வாகத்துக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறான். லெஷராக இருப்பவரைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுப்பதில் தப்பே தெரியாது. ஆபீஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். இன்றைக்கு ஏழாம் வகுப்பு சார் லீவு, நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு லெஷர் போச்சு. அன்றைய பாடக்குறிப்பு ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவிய பிறகு எழுதப்படும். மறுநாள் காலை ஹெச்.எம். மேஜையில் அது இருந்தாக வேண்டும். தயாரித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தயாரிக்க நேரம் மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், ஒரு வரி இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை அறை, கழிப்பறை, காம்பவுண்டு சுவர் எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வருகிறது. தயாரிப்பு நேரமும் இதில் அடக்கம். கவனியுங்கள், இது குறைந்தபட்சம். கடைச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் இதற்கு மேல் வேலை வாங்காதே என்று மேல் கோடு போடும். ஆசிரியருக்குப் போட்டது கீழ்க் கோடு. மேல் கோடே கிடையாது. அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இந்தச் சட்டம்.

நான் பி.காம். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிஷ பீரியட் எட்டு. ஒரு நாளைக்கு 5 மணி 20 நிமிஷம். ஐந்து நாளைக்கு 26 மணி 40 நிமிஷம். ஒரு பீரியட்கூட விடாமல் வகுப்பெடுத்தாலும் 45-ல் மீதி 18 மணி 20 நிமிஷம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் அந்த 18 மணி நேரம் எங்கே இருக்கிறது? பள்ளிக்குள் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு, அதில் சப்ஸ்டிட்யூஷனுக்கும் எமிஸுக்கும் எவ்வளவு போகலாம், எதுவும் எழுதவில்லை. எழுதாத தொகை யார் பாக்கெட்டில் போகும் என்று கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஐந்து செக்‌ஷனுக்கு ஒரே பாடம் எடுக்கும் டீச்சருக்கு, செக்‌ஷனுக்கு நாற்பது பேர் என்றால் 200 நோட்டு. நோட்டுக்கு இரண்டே நிமிஷம் என்றாலும் 6 மணி 40 நிமிஷம். அதை ஒரு நாள் வேலை என்று யாரும் சொல்வதில்லை. 'கரெக்‌ஷன்' என்கிறார்கள்.

அதே சட்டத்தின் 24-வது பிரிவைப் படித்தால் தமாஷாக இருக்கும். நேரத்துக்கு வர வேண்டும், பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் தனித்தனியாக எடைபோட்டுத் தேவையானால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. கடமை மட்டும் பிரிவு பிரிவாக விரிகிறது.

வேறு எங்கேயாவது கேட்கலாமே என்றால், அந்தக் கதவைச் சுப்ரீம் கோர்ட் 1988-ல் சாத்திவிட்டது. சுந்தராம்பாள் என்ற ஆசிரியை, கோவாவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு எடுத்தார்கள். தொழில் தகராறு சட்டப்படி நியாயம் கேட்டார். அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிலையமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று அதே கோர்ட் சொல்லியிருந்தது. சரி, பள்ளி தொழில்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்றார்கள். காரணம், கல்வி புகட்டுவது உன்னதமான பணி. அது உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை. கொஞ்சநஞ்சம் எழுத்தர் வேலை செய்தாலும் அது துணைவேலைதான்.

உன்னதம்! இந்த நாட்டில் யாரையாவது உன்னதம் என்று சொன்னால் உடனே அவர் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். தாய், விவசாயி, நர்ஸ், டீச்சர். செப்டம்பர் 5-ம் தேதி ஒரு பேனா, ஒரு ரோஜாப்பூ. மற்ற நாளெல்லாம் வராண்டா டியூட்டி. எழுத்தர் வேலை துணைவேலை என்று நீதிபதிகள் எழுதியபோது எமிஸ் கிடையாது. இன்றைக்கு எமிஸ் ஏற்றும் ஆசிரியர், எது துணை எது மெயின் என்று அந்தத் தீர்ப்பிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி போராட்டம். அதையும் பார்த்துவிட்டோம். 2003 ஜூலையில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு ஊழியரும் ஆசிரியருமாகச் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தது தமிழ்நாடு. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது. சங்கத் தலைவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓய்வூதியத்துக்கு உயர்ந்த குரல், உணவு இடைவேளைக்கு அதில் பாதியாவது உயர்ந்திருக்கலாம். தனியார் பள்ளி டீச்சருக்கோ சங்கம் என்ற சொல்லே கனவு.

ஆனாலும் கதவு திறக்கவே திறக்காது என்று நினைக்க வேண்டாம். 2004-ல் ஆசிரியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2009-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்தே பொருந்தும் என்று பின்தேதியிட்டுக் கொடுத்தது. தனியார் பள்ளிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022-ல் தோற்றார்கள். மனசு வைத்தால் ஆசிரியரைக் கணக்கில் சேர்க்க முடியும்.

சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், கல்லூரியில். யு.ஜி.சி. விதிப்படி கல்லூரி ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேரம் வேலை. அதில் நேரடியாக வகுப்பெடுப்பது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, அதற்கு மேலுள்ளவர்களுக்கு 14. மிச்சமெல்லாம் படிக்க, தயாரிக்க, திருத்த. எத்தனை கல்லூரியில் மதிக்கிறார்கள் என்பது வேறு. எண் எழுத்தில் இருக்கிறது. இருபது வயசுப் பையனுக்குப் பாடம் எடுக்கத் தயாரிப்பு வேண்டுமாம். ஏழு வயசுக் குழந்தைக்கு வேண்டாமாம். ஏழு வயசுக்குப் பின்னக் கணக்கைப் புரியவைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எது கஷ்டம்?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தயாரிப்பு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தறியில் உட்கார்ந்து நெய்வது வேலையில் ஒரு பகுதிதான். அதற்கு முன்னால் பட்டை முறுக்கேற்ற வேண்டும், சாயம் போட வேண்டும், விடிகாலையில் தெருவில் பாவை நீட்டி விரித்து இழை பார்த்துச் சரிசெய்ய வேண்டும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. தெருவில் பாவு போட்டிருப்பவரைப் பார்த்து, 'என்னய்யா, தறி சும்மா கிடக்கிறது, லெஷரா?' என்று எந்த முதலாளியும் கேட்க மாட்டான். அவசரப்பட்டுப் பாவைக் கெடுத்தால் புடவை போச்சு என்று தெரியும். இதில் இன்னொரு உண்மையும் உண்டு. இந்த முன்வேலையை வீட்டுப் பெண்கள்தான் காலங்காலமாகச் செய்தார்கள், அவர்களுக்கென்று தனிக் கூலி கிடையாது. டீச்சர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இதே ஊரில் கோர்வைப் புடவைக்குப் பக்கத்திலிருந்து நாடா தள்ளப் பிள்ளைகளைத்தான் உட்கார வைத்தார்கள். முன்பணக் கடனுக்காகத் தறியில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயர் இருந்தது. தறியிலிருந்து மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு டீச்சர்தான் எல்லாம். அந்தப் பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று யோசிக்க டீச்சருக்கு ஒரு அரை மணி நேரம் வேண்டாமா?

"மே மாசம் பூரா லீவு, நாலு மணிக்கு வீடு, அரசு வாத்தியாருக்கு லட்சக்கணக்கில் சம்பளம், இன்னும் என்ன?" என்று கடிதம் எழுதப்போகும் வாசகருக்கு முன்கூட்டியே பதில். மே மாசத்தில் கிடைக்கும் ஓய்வை நவம்பர் மாசம் மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸில் போட்டுச் சாப்பிட முடியாது. நவம்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவத்தோடு வீடு வீடாக அலைந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. வைகாசி கருட சேவைக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கும் ஒரு சனிக்கிழமை ஈடு கட்டுகிறார்கள். வரதராஜப் பெருமாளே வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்றுதான் போகிறார்.

தனியார் பள்ளித் தாளாளர்கள் சொல்வது கட்டுப்படியாகாது என்பது. அதற்கும் கணக்குப் போடலாம். 30 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது வீதம் 1,200 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளி. தினம் 240 பீரியட். ஆளுக்கு ஏழு பீரியட் என்றால் 35 ஆசிரியர். ஆளுக்கு ஆறு என்றால் 40. கூடுதலாக ஐந்து பேர். 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் மாதம் 75,000. பிள்ளைக்கு 62 ரூபாய் 50 காசு. டை, பெல்ட், ஆண்டு விழா டிரஸ் என்று வாங்குவதில் இதைத் தேடி எடுக்க முடியாதா? காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் சாதாரண ஓய்வு நேரம், மெஷினைத் தயார்செய்யும் நேரம் இவற்றையெல்லாம் உற்பத்திச் செலவில் சேர்க்கச் சொல்வார்கள். ஃபேக்டரிக்கு ஒப்புக்கொள்ளும் அதே கணக்கைப் பள்ளிக்கு ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

நிஜமான சிக்கல் கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது குழந்தை வரைக்கும் இரண்டு ஆசிரியர். வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தனி ஆள். இங்கே டைம்டேபிளில் கோடு போட்டு இடைவேளை உண்டாக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரு மாற்று ஆசிரியர் வைக்க வேண்டும். செலவுதான். இதைச் சொல்லாமல் சட்டம் மட்டும் போட்டால் ஸ்டூல் வாங்கி குடோனில் வைத்த கதையாகிவிடும்.

வெளிநாட்டில் எப்படி? இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில், 2003-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2005 செப்டம்பரிலிருந்து வகுப்பு நேரத்தில் குறைந்தது பத்து சதவிகிதம் திட்டமிடவும் தயாரிக்கவும் திருத்தவும் என்று பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலச் சட்டம் இன்னும் கறார். இரண்டு வாரத்துக்கு 450 நிமிஷம், ஒரு தடவைக்கு 45 நிமிஷத்துக்குக் குறையாமல், அந்த நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் ஆசிரியரைக் கூப்பிடக் கூடாது. அதோடு அரை மணி நேரம் எந்த டியூட்டியும் இல்லாத சாப்பாட்டு இடைவேளை. டெக்ஸாஸ் ஒன்றும் சிவப்புக் கொடி ஊர் கிடையாது.

நம்மிடமும் வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, அட்டவணையை மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டே திருத்தலாம். பாராளுமன்றத்தில் மசோதாகூட வேண்டாம். தமிழ்நாடு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தனியார் பள்ளிகளுக்கு 2018-ல் தனிச் சட்டம் போட்டதும், 2023-ல் அதற்கு விதிகள் வந்ததும் இங்கேதான். அதில் சேர்க்க வேண்டியது இரண்டு மூன்று வரி. நாற்பத்தைந்து மணி நேரத்தில் வகுப்பு இத்தனை, தயாரிப்பு இத்தனை என்று பிரித்து எழுதுங்கள். தினமும் ஒரு பீரியட் தயாரிப்புக்கு, அதில் சப்ஸ்டிட்யூஷன் கூடாது. மதியம் அரை மணி நேரம் டீச்சருக்குச் சொந்தம். சாப்பாட்டு டியூட்டிக்கு ஆயாக்களைப் போடுங்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு.

ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பாடக்குறிப்பு நோட்டைத்தான் கேட்கிறார். இனிமேல் கூடவே டைம்டேபிளையும் கேட்கட்டும். போன மாதம் எந்த டீச்சருக்கு எத்தனை தயாரிப்பு பீரியட் கிடைத்தது, எத்தனை பறிபோனது என்று பதிந்து வைக்கச் சொல்லட்டும். எமிஸில்தான் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறதே, இதற்கும் ஒன்று திறக்கலாம்.